முள் சாய்ந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. தாராவியில் எங்கள் சந்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. பட்டப்பகலில் அதன் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சந்துச் சனம் எல்லாம் விளக்கைப் பார்த்தது. நான் மீட்டரைப் பார்த்தேன்.

விளக்கின் தலைமேல் ஒரு சின்ன மீட்டர். அதன் நடுவில் ஒரு முள். பேட்டரியிலிருந்து கரண்ட் செலவானால் முள் இடப்பக்கம் சாயும். பேட்டரிக்குள் கரண்ட் ஏறினால் வலப்பக்கம் சாயும். இஞ்சின் அப்போது ஓடவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. அப்படியென்றால் அது செலவு. முள் இடப்பக்கம் போயிருக்க வேண்டும்.

வலப்பக்கம் போயிருந்தது.

"இது வரவுல்லா காட்டுது" என்றேன்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"மீட்டர் ஒயர் ரெண்டும் மாறிக் கெடக்கும் பிள்ள. திருப்பிப் போட்டா சரியாயிரும்."

திருப்புளியை எடுத்தார். திருப்பிப் போட்டார். முள் இடப்பக்கம் போனது. நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

அந்த முள்ளைப் பற்றித்தான் இந்த வாரம். அதற்குமுன் வண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சாக்கில் வந்த வண்டி

என் வீட்டுக்காரர் பெயர் செல்லத்துரை. குர்லாவில் ஒரு கராஜில் இஞ்சின் ஃபிட்டர். ஒருநாள் மிஷின் பெல்ட் அவர் வலது கையை இழுத்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. காயம் ஆறும்வரை கராஜ்காரர் வைத்திருந்தார். ஆறியபிறகு வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப்பிறகு அவர் வேலை கேட்டுப் போகாத இடமில்லை. போன இடத்தில் எல்லாம் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் கையைப் பார்த்தார்கள். பிறகு போவதையே விட்டார். கோலியில், அதாவது எங்கள் ஒற்றை அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் வேலைக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ வரும்போதும் அப்படியே இருப்பார். பிள்ளைகள் அப்போது இல்லை.

மாட்டுங்காவில் பார்சி சேட் ஒருவர் இருந்தார். காவஸ் சேட். வயசானவர். தன் காரை குர்லா கராஜுக்குக் கொண்டுவந்த வகையில் இவரைத் தெரியும். அவர்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

சேட்டின் கட்டிடத்துக்குக் கீழே அவருக்கென்று ஒரு கராஜ் உண்டு. காரை விற்றாயிற்று. உள்ளே இருந்தது ஒரு விலாயத்தி மோட்டார் சைக்கிள், இங்கிலாந்தில் செய்தது. பந்தய வண்டி. வாலிபத்தில் சேட் அதில் பந்தயம் ஓடியவர். யாரோ ஒரு மெக்கானிக் அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. சேட்டுக்கும் முட்டி போய்விட்டது. மாடியை விட்டு இறங்குவதில்லை.

கீழ்வீட்டு டாக்டர் தன் காரை விட அந்தக் கராஜைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சேட் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னார். வண்டியைக் கொண்டுபோ, எல்லாம் சேர்த்துப் பூட்டு. முதல் மழைக்கு முன்னால் ஓடினால் கராஜ் உனக்கு. அங்கே உட்கார்ந்து நாலு வண்டி வேலை செய்து பிழைத்துக்கொள். இல்லையென்றால் மழைக்கு டாக்டரின் கார் உள்ளே வரும்.

இன்னொன்றும் சொன்னார். "சலாகே லானா. தகேல்கே நஹி."

ஓட்டிக்கொண்டு வர வேண்டும். தள்ளிக்கொண்டு வரக்கூடாது. அவ்வளவுதான் பேச்சு.

கைவண்டியில் சாக்குமூட்டைகளாக வண்டி எங்கள் சந்துக்கு வந்தது. சக்கரங்கள் மட்டும் சாக்குக்கு வெளியே தெரிந்தன. குழாயடியில் நின்ற ராசாத்தி அக்கா, பக்கத்துக் கோலிக்காரி, குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏட்டி, இத உள்ள படுக்க வச்சா நீங்க எங்க படுப்பீய?"

"மேல" என்றேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் மாலைவரை நிற்பாள்.

பூவும் ஒயரும்

மாட்டுங்காவில் நான் பூக்கட்டிய கதையை முன்பே எழுதினேன். பூவிலிருந்து ரேடியோ கம்பெனிக்கு எப்படிப் போனீர்கள் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். போனது இப்படித்தான்.

செம்பூரில் ஒரு கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்றார்கள். போனேன். ஒரு அம்மா ஒரு கை ஒயரும் மெழுகு தடவிய நூலும் கொடுத்துக் கட்டச் சொன்னாள். எனக்குத் தெரிந்தது பூ முடிச்சு. அதைப் போட்டேன். கையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டேன். நாளைக்கு வா என்றாள்.

வேலை கஷ்டமில்லை. ஒரு பலகை. அதில் ஆணிகள். ஆணியைச் சுற்றி ஒயர்களை வளைத்து வளைத்துப் போட வேண்டும். எந்த இடத்தில் எந்த ஒயர் பிரிய வேண்டுமோ அங்கே ஆணி. போட்டுமுடித்து, விரல்கடை விட்டு விரல்கடை முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் சரம் தயார். பலகையிலிருந்து உருவினால் தோள்பக்கம் கிளை கிளையாகத் தொங்கும். மல்லிகைச் சரம் போலத்தான். மணம் கிடையாது. ஈய நெடி.

முதல்நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்று. கறுப்பு ஒயர் உடம்புக்கு. உடம்பு என்றால் ரேடியோவின் தகரத் தட்டு. பேட்டரியின் மைனஸ் கறுப்பு. கறுப்பு தகரத்துக்கு. வேறு பேச்சே இல்லை. அங்கே இருந்தவரை அதை மாற்றி நான் பார்த்ததில்லை.

கதவில் ஆணி

வண்டியின் பழைய ஒயர் எல்லாம் துணிபோட்டது. தொட்டால் உதிர்ந்தது. எலி கடித்தது போக மீதி. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஞ்சின் அவருக்குத் தெரியும். ஒயர் வேலைக்கு விரல் நுனி வேண்டும்.

"நான் பாக்கேன்" என்றேன்.

அவர் ஒயரை என் பக்கம் தள்ளினார்.

பலகைக்கு எங்கே போக? வீட்டுக் கதவைப் பார்த்தேன். உட்பக்கம் வெறுமனே இருந்தது. சாக்கட்டியால் வண்டியை வரைந்தேன். விளக்கு, பேட்டரி, டைனமோ, பின்விளக்கு, ஹாரன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி அடித்தேன். குர்லா பழைய சாமான் கடையில் ஒயர் கிடைத்தது. எல்லாம் ஒரே பச்சை. எது எது என்று தெரிய நுனியில் கலர் நூல் கட்டினேன். விளக்குக்கு மஞ்சள், ஹாரனுக்கு ஊதா, இப்படி.

கோலியில் பிளக் கிடையாது. பம்ப் ஸ்டவ்வில் செம்புக் கட்டையைச் சுட வைத்து ஈயம் பற்றவைத்தேன். ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் ஈயம். கதவை முழுசாகத் திறந்தால் சரம் சுவரில் நசுங்கும். ஒருக்களித்துத்தான் போய்வந்தோம். ராசாத்தி அக்கா வந்தால் வாசலோடு நிற்பாள். உடம்பு அந்த இடுக்கில் நுழையாது. அது ஒரு வசதி.

அவர் இஞ்சினை இரண்டு செங்கல்மேல் வைத்துப் பூட்டினார். இடது கையால் பிடித்து, வலது கையின் மூன்று விரலால் திருகினார். நட்டு நழுவி விழும். உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். நான் எடுத்துக் கொடுக்கப் போனால் பார்ப்பார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவரே படுத்து, தடவி, எடுப்பார். மறுபடி விழும். மறுபடி எடுப்பார்.

கொஞ்சநாளில் நட்டு விழும் சத்தம் குறைந்தது.

அவர் சுவரைப் பார்த்து உட்காருவதும் நின்றுபோனது. பார்க்கச் சுவர் தெரியவில்லை என்பதும் உண்மை. அந்தப் பக்கம் முழுக்க வண்டி.

ஒருநாள் இஞ்சினை ஃபிரேமில் ஏற்றினார்கள். சந்துப் பையன்களும் ராசாத்தி அக்கா வீட்டுக்காரரும் தூக்கினார்கள். நான் கதவிலிருந்து சரத்தை உருவி வண்டியின் முதுகோடு படுக்க வைத்தேன். கிளைகள் எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. பேட்டரி கடைசி. கறுப்பு நூல் கட்டிய மைனஸை ஃபிரேமில் வைத்து முடுக்கினேன்.

அது சனிக்கிழமை. மறுநாள்தான் முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை.

புகை

மீட்டர் ஒயரைத் திருப்பிப் போட்டார் என்றேன் அல்லவா? அதன்பிறகு கிக்கரை மிதித்தார்.

முதல் மிதியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இருமியது. பெட்ரோலைக் கொஞ்சம் மூடி இன்னொன்று மிதித்தார். பிடித்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சந்து ரொம்பச் சின்னது. இரண்டு பக்கத் தகரமும் அதிர்ந்தது. யாரோ கைதட்டினார்கள். அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தமாதிரி பார்த்தேன்.

கொஞ்சம் முறுக்கினார்.

பேட்டரிப் பக்கமிருந்து புகை வந்தது. பிறகு முதுகோடு ஓடி விளக்குவரை வந்தது. ரப்பர் தீயும் நெடி. அவர் இஞ்சினை அணைத்தார். நான் பேட்டரி ஒயரைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டில் சுட்டது, முந்தானையும் கருகியது. இழுத்துவிட்டேன்.

சத்தம் நின்றதும் சந்து காலியானது. நல்ல சனம். ராசாத்தி அக்காகூட வாயைத் திறக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

வண்டியை உள்ளே தள்ளினோம். அவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"போதும் பிள்ள. சாக்க எடு."

திரும்பப் பிரித்து மூட்டைகட்டச் சொல்கிறார். நான் எடுக்கவில்லை. சோறு போட்டேன். அவர் சாப்பிடவில்லை.

ஒரு கேள்வி

மறுநாள் வேலைக்குப் போனேன். கை அதுபாட்டுக்கு முடிச்சுப் போட்டது. மனசு முள்ளிலேயே நின்றது.

வேலைவிட்டுச் செம்பூரில் ரயில் ஏறியபோது ஒன்று தோன்றியது. முள் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால்?

விளக்கு எரிந்தது. முள் வரவு என்றது. மீட்டரைத் தப்பாகக் கட்டிவிட்டோம் என்று நினைத்தோம். மீட்டரைச் சரியாகத்தான் கட்டியிருந்தேன் என்றால், கரண்டே தலைகீழாக ஓடியிருக்கிறது. கரண்ட் தலைகீழாக ஓட வேண்டுமென்றால் பேட்டரி தலைகீழாக இருக்க வேண்டும். இஞ்சின் ஓடியதும் டைனமோ செய்த கரண்ட் அதோடு மோதியிருக்கும்; அதுதான் புகை.

ஆனால் கறுப்பு உடம்புக்கு. அது எப்படித் தப்பாகும்?

எனக்குத் தெரிந்தது ரேடியோ.

குர்லாவில் இறங்கி ரயில் மாறி மாட்டுங்கா போனேன். சேட்டிடம் போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் காலையில் சொல்லியிருந்தார். எரிந்தது தெரிந்தால் கராஜ் போய்விடும் என்ற பயம். பயம் எனக்கும் இருந்தது. போனேன்.

சேட் பால்கனியில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மாடிக்கு வரச்சொன்னார். எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரே கேள்விதான் கேட்டேன். இந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ் எங்கே போகும்?

"பாடி மே" என்றார்.

உடம்புக்கு.

விலாயத்தி வண்டி எல்லாம் அப்படித்தான், இது தெரியாதா என்கிற மாதிரி பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். கையில் என்ன என்றார். ஸ்டவ் என்றேன். அவர் பார்வை சேலை முந்தானையில் கருகிய ஓட்டைக்குப் போனது; ஓட்டை விழுந்தபிறகு கோயில் சேலை வேலைச் சேலையாகிவிட்டது.

"ஸ்டவ்" என்று அவரும் சொன்னார்.

வேறொன்றும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் கப்பைக் கழுவி வைத்துவிட்டு இறங்கும்போது பின்னால் குரல் வந்தது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். குர்லா கராஜில் இஞ்சின்காரன் பேட்டரியைத் தொட மாட்டான். பேட்டரிக்காரன் இஞ்சினைத் தொட மாட்டான். அத்தனை வருசம் வேலை பார்த்தும் பேட்டரியின் எந்தக் கால் எங்கே போகிறது என்று அவர் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும் என்று அவர் இருந்தார். வண்டிக்காரருக்குத் தெரியாதா என்று நான் இருந்தேன்.

"அந்த முள்ளு ஒழுங்காத்தான் சொல்லிருக்கு" என்றார். "ரெண்டு பேருமா சேந்து அது வாயத் திருப்பி வச்சிருக்கோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். விரல் போனபிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். பிறகு அந்தத் தட்டை எடு என்றார். சாப்பிட்டார்.

சரத்தைப் பார்த்தோம். டேப் சுற்றியிருந்தால் மொத்தமும் அறுத்தெறிய வேண்டியிருக்கும். பூ முடிச்சு ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசையாக அவிழும். அவிழ்த்தேன். டைனமோவிலிருந்து வரும் ஒயரும் மீட்டருக்குப் போகும் ஒயரும்தான் கரி. மற்றதற்குச் சூடு பட்டிருந்தது, அவ்வளவுதான். எரிந்ததை உருவிப் புதுசு போட்டு மறுபடி கட்டினேன். டைனமோவின் கரண்டைத் திறந்து மூடும் பெட்டியில் இரண்டு முனைகள் ஒட்டிப்போயிருந்தன. அவர் பிளேடால் பிரித்து, அரத்தால் தேய்த்தார். மீட்டர் ஒயரைப் பழையபடி மாற்றினார்.

பேட்டரியை நான் வைத்தேன். பிளஸை ஃபிரேமில் முடுக்கும்போது கை ஒருமுறை நின்றது. பழக்கம். பிறகு முடுக்கினேன்.

விளக்கைப் போட்டார். முள் இடப்பக்கம் போனது.

சாவி

சந்தில் ஓட்டிப் பார்த்தாயிற்று. புகையில்லை. அதற்குள் வானம் மழைக்கு இருட்டத் தொடங்கியிருந்தது. மறுநாளே கொண்டுபோய்விடலாம் என்றார்.

பந்தய வண்டி. பின்சீட் கிடையாது. நான் ரயில் பாதை நடைபாலம் ஏறிப் போவது, அவர் சயான் பாலத்தைச் சுற்றி ரோட்டில் வருவது என்று பேச்சு. நான் வாசலில் நின்றேன். அவர் கிளம்பட்டும், பிறகு நடக்கலாம் என்று.

"நீ முன்னால போ" என்றார். "வழியில நின்னுட்டுன்னா நீ பாக்க வேண்டாம்."

போனேன்.

சேட் கட்டிடத்தின் கீழே கராஜ் பூட்டியிருந்தது. டாக்டர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேட் மேலே பால்கனியில். நான் கராஜ் கதவோரம் நின்றேன். முன்னால் போட்டபடியே பூட்டு. துருப்பிடித்திருந்தது.

நேரம் போனது. ரோட்டில் பஸ் சத்தம், ரயில் சத்தம். வேறு சத்தம் இல்லை. சயான் பாலத்து ஏற்றத்தில் நின்றிருப்பாரோ என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

என் கைமேல் ஒரு துளி விழுந்தது. தரையில் இன்னும் இரண்டு மூன்று, ரூபாய் அளவு. டாக்டரும் பார்த்தார். நல்ல மனுசர்தான். ஆனாலும் மேலே பார்த்து, சேட், மழை வந்துவிட்டது என்றார்.

சேட் கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் விழுந்ததைப் பார்த்தார். மேல்மாடியில் துணி துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள், அதுதான் சொட்டுகிறது என்றார்.

டாக்டர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மேல்மாடிக் கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. டாக்டர் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

பிறகும் கொஞ்ச நேரம். சேட் தலையை ஒருபக்கம் சாய்த்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஆயா" என்றார். வந்துவிட்டான்.

மேலிருந்து கைக்குட்டையில் முடிந்த ஒன்று என் காலடியில் விழுந்தது. அவிழ்த்தேன். சாவி.

அப்போதும் ரோட்டில் வண்டி தெரியவில்லை. நான் பூட்டைத் திறக்கப் போராடும்போதுதான் எனக்கும் கேட்டது. முனையில் திரும்பும்போது சத்தம் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. பூட்டு விட்டுக்கொடுத்தது. இரண்டு கதவையும் முழுசாகத் தள்ளினேன். சுவரில் போய் இடித்து நின்றன. எங்கள் வீட்டுக் கதவைப்போல் ஒருக்களிக்க வேண்டியதில்லை.

அவர் நனைந்திருந்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கராஜ் வாசலில் நிறுத்துவார் என்று விலகி நின்றேன். நிறுத்தவில்லை. காலை ஊன்றவும் இல்லை. ஓட்டிக்கொண்டே உள்ளே போனார்.

பின்னால் மழை கொட்டியது. துணி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அவர் இஞ்சினை அணைக்கவில்லை. கொஞ்சம் முறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் போய்க் குனிந்தேன். விளக்கு எரிந்தது. முள் வலப்பக்கம், வரவுப் பக்கம், சாய்ந்திருந்தது.